உமையாத்தாள் வீட்டு நீல உறை

மழை பொய்யாதிருக்க, மண் விளைய, உலைக்கு அரிசியும் தாழிக்குத் தழையும் குறையாதிருக்க.

கருவாற்றின் இரு கரைகளையும் அவற்றுக்குக் கீழான கடல்துறைகளையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவரும், வெள்ளம் வந்த நாளில் தாமே கரையில் நின்று கடைசிக் குடி மேடேறும்வரை அகலாதிருந்தவரும், நீலத்துணியால் நாலு திசையிலும் பெயர்பெற்ற வெண்கரை நாட்டின் முடியுடைத் தலைவியுமான பெருமாட்டி எழினியார் திருவாய்மொழிந்தபடி, அரண்மனை ஓலைநாயகம் எழுதிய ஓலை.

இலவந்தீவின் தென்கரையில், தென்னந்தோப்புக்குப் பின்னால் நிற்கும் ஒரு வீட்டையும், அவ்வீட்டின் அடுப்பங்கரையையும், அடுப்பின் சூடு படுமாறு மூலையில் வைத்த ஒரு மண்பானையையும் தம் ஆட்சியில் கொண்டவரும், தாழியூர்ச் சாயக்காரர் அனைவருக்கும் தாழித்தலைவியுமான உமையாத்தாள் அவர்கள் காண்க. உம் ஆட்சிக்குட்பட்ட அடுப்பு அணையாதிருக்கட்டும். உம் மகளும் மருமகனும் பேரப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். உம் பானையின் மேல் செம்பு நிறத்தில் ஆடை படிந்து, அதன் நடுவே நீலநுரை பூத்திருக்கட்டும்.

இந்த ஓலையை உம் வாசலில் நின்று வாசிப்பவர் வேறு யாருமல்லர், கடல்வாணிகப் பேரமைச்சர் மருதவாணரே. அவருடைய செய்கைகளைத்தான் ஓலை பேசப்போகிறது என்பதால், அவரே அதைத் தம் வாயால் வாசிக்கவேண்டும் என்பது பெருமாட்டியார் உத்தரவு. எழுதும்போது அவர் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். ஓரிடத்தில் சொல்லை மாற்றலாகாதா என்று கேட்டுப் பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. வாசிக்கும்போது எங்கேயாவது அவர் தொண்டையைச் செருமினால், அங்கே ஒரு வரியை விழுங்கப் பார்க்கிறார் என்று கொண்டு, மறுபடி வாசிக்கச் சொல்லலாம்.

இனி நடந்தது.

நம் நாட்டுக் கழனிகளில் உப்பேறி, நீலச்சாயம் தரும் அவுரித்தழை குறைந்துபோன காலத்தில், அரசவையில் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, மருதவாணர் ஒருவரே வழி சொன்னார். இலவந்தீவில் அவுரி காடாய்க் கிடக்கிறது, தண்ணீர் தித்திக்கிறது, கூலி குறைவு, ஆனால் அங்கே உள்ளவர்களுக்குச் சாயம் போடத் தெரியாது. தழையைக் கப்பலேற்றினால் வழியிலேயே அழுகிவிடும். ஆகவே தழை இருக்குமிடத்துக்குத் தாழியைக் கொண்டுபோவோம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவையில் ஒரு முதியவர் மட்டும், தொழிலை அயலார் மண்ணில் வைத்தால் அது அயலார் கைக்குப் போகாதா என்று ஐயம் கிளப்பினார். மருதவாணர் சிரித்துவிட்டு, அதற்குத்தான் தாம் இருப்பதாகச் சொன்னார்.

அவர் சும்மா சொல்லவில்லை. இலவந்தீவுத் தலைவரோடு உடன்படிக்கை எழுத அமர்ந்தவர், தாழியூர்ச் சாயக்காரரை வரிசையாக அழைத்து, இத்தொழிலுக்கு எது எது வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். தழை வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், தகரை விதை வேண்டும், தாழி வேண்டும், இளஞ்சூடு வேண்டும் என்றார்கள். அவை ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பூட்டுப் போட்டார். தழையை ஊறவைக்கும் கொட்டகையில் தீவுக்காரர் வேலை செய்யலாம். துணி அலசும் துறையிலும் செய்யலாம். இடையில் உள்ள தாழிக்கொட்டகைக்குள் நம்மவர் தவிர யாரும் கால் வைக்கலாகாது. சுண்ணாம்பும் தகரையும் இன்ன அளவென்று யாருக்கும் தெரியாதபடி இங்கேயே கலந்து, மூட்டைகட்டி, முத்திரையிட்டு அனுப்பப்பட்டன. சாயக்காரர் குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டார்கள். கொட்டகையைச் சுற்றி எழுந்த மதிலைப் பார்த்துவிட்டு, காக்கைகூட உள்ளே நுழையமுடியாது என்று மருதவாணர் பெருமைப்பட்டுக்கொண்டார். காக்கை நுழையவில்லை என்பது உண்மைதான்.

உறை என்ற ஒன்று தேவை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று மறைத்தவர்கள் அல்லர். சோறு வடிப்பது எப்படி என்று கேட்டால் பானையைக் கழுவவேண்டும் என்று யார் சொல்லப்போகிறார்கள்? பாலுக்கு மோர் உறை இருப்பதுபோல் நீலத்துக்கும் ஓர் உறை உண்டு என்பதும், பழைய தாழியின் புளிப்பில் ஒரு கரண்டி விடாமல் புதுத்தாழி நீலம் தராது என்பதும், அந்த உறையைப் பெண்கள் அடுப்படியில் வைத்து நாள்தோறும் தகரைக் கஞ்சி ஊற்றி வளர்ப்பார்கள் என்பதும் தாழியூரில் தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். விளக்கேற்றுமுன் உறை கேட்டு வாசலில் நிற்பவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பது அவ்வூர் வழக்கம். பகையாளி வீட்டிலிருந்து வந்து கேட்டாலும் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு மறுபடி பகைமையைத் தொடர்வார்கள். அமைச்சரோ அரண்மனைத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். எந்த வீட்டு வாசலிலும் எதையும் கேட்டு நின்றறியாதவர்.

நீர் தாழித்தலைவியாகக் கப்பலேறியபோது, உம் வீட்டுச் சாமான்களோடு சாமானாக அந்தப் பானையும் ஏறியது. கொட்டகைப் பொருள்களைச் சரிபார்த்த அலுவலர்கள் அதைக் குழம்புப்பானை என்று எண்ணித் தள்ளிவைத்தார்கள்.

தீவு நீலம் நன்றாக வந்தது. துணி தாழிக்கொட்டகையிலிருந்து பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் நீலமாக மாறுவதைப் பார்க்கத் தீவே திரண்டு துறையில் நின்றதாகக் கப்பலோட்டிகள் சொன்னார்கள். மருதவாணருக்கு அரசவையில் முன்வரிசை இருக்கை கிடைத்தது. அவருக்குத் தலை கால் புரியவில்லை.

பிறகு பொன்னாந்துறைச் சந்தையிலிருந்து வணிகர் ஒருவர் வந்து, வெண்கரை நீலம் பாதி விலைக்குக் கிடைக்கும்போது முழுவிலை எதற்கு என்று கேட்டார். அமைச்சர் நம்பவில்லை. அது போலிச் சாயமாக இருக்கும், ஒரு வெளுப்புக்குத் தாங்காது என்று சொல்லி, தாமே கப்பலேறிச் சந்தைக்குப் போனார். அங்கே வணிகர்கள் இரண்டு துணிகளை விரித்துவைத்து, எது உங்களுடையது என்று காட்டச் சொன்னார்கள். அவர் இரண்டையும் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தார். அப்புறம் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இதுதான் எங்கள் நாட்டு நீலம், இதன் ஆழம் வேறு எதற்கு வரும் என்றார். அது இலவந்தீவுக்காரர் தம் வீட்டுத் தாழியில் தோய்த்தது. சந்தையே சிரித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. இந்த இடத்தில்தான் அவர் சொல்லை மாற்றக் கேட்டார்.

அங்கிருந்து நேரே இலவந்தீவுக்கு வந்தார். வந்த வேகத்தில் காவலரைக் கட்டிவைத்துக் கேட்டார், மதிலில் ஓட்டை தேடினார், சுண்ணாம்பு மூட்டைகளின் முத்திரைகளைத் தடவிப் பார்த்தார். எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. திருடனே இல்லாத திருட்டு அவரைப் பித்துப்பிடிக்க வைத்தது. குற்றமற்ற காவற்காரன் ஒருவனுக்குச் சவுக்கடி என்று அவர் சொல்லி வாய்மூடுமுன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவர் நீர். அன்று நீர் பேசியதை அமைச்சர் மறக்கவில்லை. ஓலைக்கு ஒவ்வாத பேச்சு வழக்கானாலும் ஓர் எழுத்தும் மாறாமல் எழுதவேண்டும் என்று பெருமாட்டியார் பணித்தபடியால் எழுதுகிறோம்:

"அவரை ஏனுங்க அடிக்கிறீங்க? நான்தான் குடுத்தேன். பக்கத்து வீட்டு மாலுனி சட்டியத் தூக்கிட்டு வந்து கொஞ்சம் ஒறை குடுன்னா. ஒறைக்கு வந்தவளை வெறுஞ்சட்டியோட எப்படிங்க அனுப்புறது? அப்புறம் என் தாழி பொங்குமா?"

கைம்மாறாக என்ன பெற்றீர் என்று அமைச்சர் வினவினார். அவர் எதிர்பார்த்தது பொன்னோ மணியோ.

"எம்மக காய்ச்சல்ல கெடந்தப்ப அவதான் கஞ்சி வெச்சுக் குடுத்தா. அதுக்காகக் குடுத்தேன்னு நெனச்சுக்காதீங்க. கேட்டா, குடுத்தேன். அதுக்குத் தெனமும் கஞ்சி ஊத்தணும், இல்லன்னா செத்துப்போயிரும்னும் சொல்லிக் குடுத்தேன். சொல்லாம குடுத்தா குடுத்த மாதிரி ஆகுமா?"

அன்று மருதவாணருக்கு வந்தது கோபம்கூட அல்ல, நிம்மதி என்று இப்போது சொல்கிறார். தம்முடைய மதிலில் பழுதில்லை, பூட்டில் பழுதில்லை. பழுது ஒரு பெண்ணிடம் இருந்தது என்று அவர் மனம் ஆறியது. தொழிலை அயலார்க்குக் கொடுத்தவர் தாய்நாட்டு மண்ணை மிதிக்கலாகாது என்ற சட்டத்தை வாசித்து, உம் பட்டத்தைப் பறித்து, தீவிலேயே விட்டுச்செல்லத் தீர்ப்பளித்தார். நீர் அழவில்லை என்றும், ஒன்றே ஒன்று கேட்டீர் என்றும் சொன்னார். பானையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீராம். அவர் கொட்டகைப் பொருள்களின் பட்டியலைப் புரட்டச் சொன்னார். அதில் பானை இல்லை. அரசுக்கு உரியதல்லாத பொருளை என்ன செய்தாலும் தமக்குக் கவலையில்லை என்று கையசைத்துவிட்டுக் கப்பலேறினார்.

இதுவரை நீர் அறிந்தது. இதற்குமேல் நடந்ததை நீர் அறிந்திருக்கமாட்டீர்.

சூடுபட்ட அமைச்சர் இம்முறை ஓட்டையே இருக்கலாகாது என்று முனைந்தார். போர்க்கப்பல்களைத் தீவுக்கு எதிரே நிறுத்திவைத்துக்கொண்டு, தலைவரிடம் இரண்டாவது உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்து வாங்கினார். ஒரு நாட்டு உறை மற்ற நாட்டுக்குப் போகலாகாது, கொடுத்தவர் எவரானாலும் கொடுத்த மண்ணைவிட்டு வெளியேறவேண்டும் என்பது அதன் வாசகம். ஒவ்வொரு சொல்லும் மருதவாணருடையது. கீழே உள்ள முத்திரை பெருமாட்டியாருடையது, அதையும் மறைப்பதற்கில்லை. அதன்பின், நம் கழனிகளில் மிஞ்சிய தழையை வைத்து இங்கேயே தோய்த்துக்கொள்ளலாம் என்று தீவுக் கொட்டகைகளை மூடிவிட்டு, நம்மவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தாலாவது தேவலை. அடுப்படிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் உறை மறுபடி யார் கைக்காவது போய்விடும் என்று அஞ்சி, தாழியூர் வீடுகளில் இருந்த பானைகளையெல்லாம் எடுத்துவரச் செய்து, ஆற்றங்கரையில் அரசு உறைமனை ஒன்றைக் கட்டி, அதில் ஒரே பெருந்தாழியில் ஊற்றிவைத்தார். வீட்டுக்கு வீடு உறை கொடுப்பதும் வாங்குவதும் குற்றமாயிற்று. பெண்கள் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தபோது, ஒருத்தி மட்டும் விடமாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அவளைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டுப் பானையை எடுத்துவந்தார்கள்.

சென்ற கார்காலத்தில் கருவாறு கரை உடைத்தது. மேட்டில் இருந்த தாழியூருக்கு ஒரு குறையும் வரவில்லை. எந்த அடுப்பும் நனையவில்லை. ஆற்றங்கரையில் பூட்டும் காவலுமாக இருந்த உறைமனை மட்டும் முழுகிப்போயிற்று. வெள்ளம் வடிந்ததும் மருதவாணர் முழங்கால் சேற்றில் இறங்கி உள்ளே போனார். தாழி உடையவில்லை. அதன் உள்ளே ஆற்றுச்சேறு இருந்தது. அவர் கையை விட்டுத் துழாவி, முகர்ந்து பார்த்துவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாராம். முன்பெல்லாம் ஒரு வீட்டு உறை செத்தால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி கிடைக்கும். இப்போது கேட்க ஓர் அடுத்த வீடு இல்லை.

சாயக்காரர் புதிதாக உறை பிடிக்க முயன்றார்கள். தாழி நாறியது, துணி சாணி நிறத்தில் வந்தது. தாழியூரின் கொடிகளில் இப்போது வெள்ளைத்துணியே தொங்குகிறது. வேலையில்லாத ஆண்கள் உப்பளத்துக்குப் போகிறார்கள். இன்னும் ஒரு பருவம் இப்படியே போனால் ஊரில் ஆளிருக்காது.

பெருமாட்டியார் இலவந்தீவுத் தலைவருக்குத் தூது விட்டார். அந்த இரண்டாவது உடன்படிக்கையைக் கைவிட்டு ஒரு பானை உறை தரலாமா என்று மிகப் பணிவாகவே கேட்கப்பட்டது. தலைவர் தூதரை நன்றாக உபசரித்து, விருந்திட்டு, புது நீலச்சால்வை போர்த்தி, பிறகு மறுமொழி சொன்னார். அந்த உடன்படிக்கை தமக்கு முதலில் பிடிக்கவில்லை என்றும், இப்போது மிகவும் பிடித்திருக்கிறது என்றும், தம் மக்களின் பிழைப்பு அதில் அடங்கியிருப்பதால் ஓர் எழுத்தையும் மாற்றுவதற்கில்லை என்றும் சொன்னார். யாராவது கொடுத்தால் தடுக்கப்போவதில்லை. ஆனால் கொடுத்தவர் தம் தீவைவிட்டுப் போகவேண்டும், வாசகம் அப்படித்தானே இருக்கிறது என்றார். அவரைக் குறைசொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

மாலுமித்தலைவன் ஒருவன், நாலு ஆட்களோடு போனால் ஒரு பானையைத் தூக்கிவந்துவிடலாம் என்று மருதவாணரிடம் சொன்னான். கொடுத்தவளையே திருடி என்று தண்டித்த வாயால், போய்த் திருடிக்கொண்டுவா என்று தம்மால் சொல்லமுடியாது என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு அவையில் எழுந்து, தாமே போய்க் கேட்பதாகச் சொன்னார். யாரிடம் என்று பெருமாட்டியார் கேட்டபோது, உம் பெயரைச் சொன்னார்.

ஆகவே, உமையாத்தாள் அவர்களே, பெருமாட்டியாரின் உத்தரவுகள் இவை. உமக்கு விதித்த தண்டனை இன்றோடு ஒழிந்தது. பறித்த பட்டம் திரும்ப உம்முடையதே. நீர் உறை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இவ்விரண்டும் மாறா. வீட்டு உறையைக் குற்றமாக்கிய ஆணை கிழிக்கப்பட்டது. உறைமனை இருந்த இடத்தில் இனி எதுவும் கட்டப்படமாட்டாது. ஒரு கரண்டி உறை மறுபடி நம் கரை சேருமானால், அது வீட்டுக்கு வீடு பிரிந்துபோகும். இலவந்தீவுக்காரர் வந்து கேட்டாலும் இங்கே எந்தக் கதவும் அடைக்கப்படாது.

உம்மிடம் கேட்கப்படுவது எதுவென்று பெருமாட்டியார் நன்றாக அறிவார். கொடுத்தால் நீர் அந்தத் தீவில் இருக்கமுடியாது. அங்கேயே வாழ்க்கைப்பட்ட மகளையும் பேரனையும் மாலுனியையும் விட்டுக் கப்பலேறவேண்டியிருக்கும். ஒரே செய்கைக்காக ஒருத்தி இரண்டு மண்ணையும் இழக்கும்படி சட்டம் செய்துவைத்தோமே என்று பெருமாட்டியார் வருந்தி, இந்த இடத்தில் எழுத்தாணியை நிறுத்தச் சொன்னார். வந்தால் தாழியூரில் உம் வீடு உமக்காகக் காத்திருக்கும். வராமல், கதவைச் சாத்திக்கொண்டால், அது முறைதான். வந்தவர் வணங்கிவிட்டுத் திரும்பிவிடுவார். யாரும் உம்மை ஒரு சொல் சொல்லமாட்டார்கள்.

ஓலை கொண்டுவருபவருக்கும் உத்தரவு உண்டு. பல்லக்கில் வரலாகாது. விளக்கேற்றுமுன் வரவேண்டும். உறை வாங்கக் கொண்டுவரும் வெறும்பானையை ஏவலரிடம் கொடுக்காமல் தாமே சுமக்கவேண்டும். கேட்கும் முறையும் தெரிந்திருக்கவேண்டும் என்று அவரைத் தாழியூருக்கே அனுப்பினோம். அங்கே பெண்கள் முன்னிலையில், மாண்பமைந்த தாழித்தலைவியாரின் திருச்சமூகத்துக்கு அடியேன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில் என்று அவர் தொடங்கினார். "ஐயா, நீங்க இம்புட்டு நீட்டி முடிக்கறதுக்குள்ள ஒறையே கெட்டுப்போயிருமே" என்று ஒருத்தி சொல்ல, வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெரு அன்றுதான் சிரித்தது. வாசற்படியில் உட்கார்ந்து பானையைத் தரமாட்டேன் என்றவளே அவள். உம் உறையை ஏந்த இந்தப் பானையை வனைந்து கொடுத்தவளும் அவளே. கப்பலேறுமுன் அமைச்சர் அவளிடம், பானையை ஒரு கையால் நீட்டுவதா இரண்டு கையாலா என்று கேட்டாராம். இரண்டு கையாலும்தான் என்றாளாம்.

வெண்கரை நாட்டுத் துடுப்பு முத்திரை இதன் அடியில் உள்ளது. இதில் உள்ள கட்டளையெல்லாம் கொண்டுவருபவருக்கு. உமக்குக் கட்டளை ஒன்றும் இல்லை. ஓலை இங்கே முடிகிறது. வாசித்தவர் இதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வார். அதன்பின் அவர் பேச அனுமதி உள்ளது ஒரே ஒரு வார்த்தைக்குத்தான்:

"அம்மா, கொஞ்சம் ஒறை."